பகல் பன்னிரண்டு மணிக்கு உங்களுக்கு நேரம் இருக்குமா?

நான்கு வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரி மாதம் பாதி தாண்டியதும், அமெரிக்காவில் வேலை பார்க்கிற நம் ஆட்களிடையே ஒரு கேள்வி சுற்ற ஆரம்பிக்கும். "அதிபர் பதவியேற்பு பார்க்கப் போறீங்களா?" கேட்கிறவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு. யார் ஜெயித்ததில் உங்களுக்குச் சந்தோஷம் என்று நேரடியாகக் கேட்க முடியாது. அலுவலகத்தில் அரசியல் பேசக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். அதனால் இப்படிச் சுற்றி வளைத்து ஒரு கேள்வி. பதிலும் சுற்றி வளைத்தே வரும். ஜெயித்தவர் பிடித்தமானவர் என்றால் "பார்க்கணும்ங்க, இதெல்லாம் சரித்திரம்." இல்லையென்றால் "எங்கங்க நேரம், ஒன்பது மணிக்கு மீட்டிங்."

வாஷிங்டனில் நண்பகல் என்றால் நான் இருக்கும் கலிஃபோர்னியாவில் காலை 9 மணி. ஒன்பது மணி மீட்டிங் எல்லா நாளும் இருக்கும், உண்மைதான். ஆனால் நான்கு வருடத்துக்கு முன் சரித்திரம் பார்த்த அதே மனிதருக்கு இந்த முறை மீட்டிங் முக்கியமாகிவிடுவதையும், அப்போது மீட்டிங்கில் மூழ்கியிருந்தவர் இந்த முறை காலையிலேயே டிவி முன் உட்கார்ந்துவிடுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நேரமில்லை என்பதை நான் நம்புவதில்லை. மனமில்லை என்று சொல்ல நாகரிகம் இடம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஏனென்றால், நேரக் கணக்கு என்று பார்த்தால் இது மிகச் சின்ன விஷயம். அமெரிக்க அரசியல் சட்டம் அதிபரின் உறுதிமொழியை 35 ஆங்கிலச் சொற்களில் எழுதி வைத்திருக்கிறது. நிறுத்தி நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடம் ஆகாது. மேடை, பைபிள், ராணுவ வாத்தியம், பீரங்கி, கவிதை, அணிவகுப்பு, இரவு நடனம் எதுவும் அந்தச் சட்டத்தில் கிடையாது. எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டவை. தாலி கட்டுகிற நேரத்துக்குச் சரியாக மண்டபத்துக்குள் நுழைந்து, அட்சதை போட்டுவிட்டு, பந்திக்குக்கூட நிற்காமல் கிளம்புகிற ஆட்கள் நம்மில் உண்டு. இந்த விழாவுக்கும் அப்படி வந்து போகலாம். நான் அந்த ரகம்தான்.

அந்த ஒரு நிமிடத்தையாவது ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டால், சட்டப்படி யோசித்தால் அவசியமே இல்லை. 1933-இல் வந்த இருபதாவது திருத்தம் ஜனவரி 20 நண்பகலில் பழைய அதிபரின் காலம் முடிகிறது, புதியவரின் காலம் தொடங்குகிறது என்று சொல்லிவிட்டது. அதற்கு முன்பு மார்ச் 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடிகாரம்தான் ஆளை மாற்றுகிறது. 2009-இல் இசைக் கலைஞர்கள் யோ-யோ மா, இட்சாக் பெர்ல்மன் குழுவினர் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோதே மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஒபாமா வாயைத் திறப்பதற்கு முன்பே அதிபராகிவிட்டார். (கடும் குளிரில் வாத்தியங்களின் சுருதி நிற்காது என்பதால் அன்று ஒலித்தது முன்கூட்டியே பதிவுசெய்த இசை என்பது பின்னர் தெரியவந்தது.) 2021-இல் பைடன் நண்பகலுக்குச் சில நிமிடங்கள் முன்பே உறுதிமொழி எடுத்துவிட்டார். அந்தச் சில நிமிடங்கள் அவர் சத்தியம் செய்துவிட்டவர், ஆனால் அதிபர் இல்லை. அதிபராக இருந்த டிரம்ப் ஃபுளோரிடாவில் இருந்தார்.

பதவியில் அமர்வதற்குக் கடிகாரம் போதும் என்றாலும், அதிபரின் வேலையைத் தொடங்குவதற்கு முன் உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊரறியச் செய் என்று சொல்லவில்லை. 1923-இல் அதிபர் ஹார்டிங் திடீரென இறந்தபோது, துணை அதிபர் கூலிட்ஜ் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு குக்கிராமத்தில் தன் அப்பா வீட்டில் இருந்தார். தொலைபேசிகூட இல்லாத வீடு. விடியற்காலை 2:47 மணிக்கு, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், நோட்டரியாக இருந்த அப்பா சொல்லச் சொல்ல மகன் உறுதிமொழி எடுத்தார். 1963 நவம்பர் 22-இல் டாலஸ் விமான நிலையத்தில் நின்ற விமானத்துக்குள் லிண்டன் ஜான்சன் எடுத்தார். பக்கத்தில், சுட்டுக் கொல்லப்பட்ட அதிபர் கென்னடியின் ரத்தம் காயாத உடையோடு அவர் மனைவி ஜாக்குலின். சொல்ல வைத்தவர் சாரா ஹியூஸ் என்ற மாவட்ட நீதிபதி. இரண்டிலும் கூட்டம் இல்லை, நேரலை இல்லை. இரண்டும் செல்லும்.

அப்படியென்றால் கூட்டம் எதற்கு? பார்க்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? எனக்குப் பிடித்த பதில் 1929-இல் இருக்கிறது. அந்த வருடம் அதிபர் ஹூவருக்கு உறுதிமொழி சொல்லிக்கொடுத்தவர் தலைமை நீதிபதி டாஃப்ட். அவரே முன்னாள் அதிபர். இருபது வருடத்துக்கு முன் அதே சொற்களைத் தன் வாயால் சொன்னவர். அரசியல் சட்டத்தைப் 'பேணி, பாதுகாத்து, காப்பேன்' என்கிற இடத்தில் நடுச்சொல்லை விட்டுவிட்டு 'பராமரித்து' என்கிற பொருள் வரும் வேறொரு சொல்லைப் போட்டுவிட்டார். மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் யாரும் அதைக் கிளப்பவில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு மாணவி கவனித்துவிட்டாள். டாஃப்டுக்கே கடிதம் எழுதினாள். அவர் மரியாதையாகப் பதில் எழுதினார், ஆனால் தான் சொன்னது வேறு என்று நினைவிலிருந்து எதையோ சொன்னார். கடைசியில் செய்திப்பட நிறுவனங்கள் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டபோது, அந்தச் சிறுமி சொன்னதுதான் சரி. ஹூவரின் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாட்டின் தலைமை நீதிபதி தடுக்கி விழுந்த இடத்தை ஒரு சின்னப் பெண் குறித்து வைத்துக்கொண்டாள். சாட்சி என்றால் இதுதானே?

இதே கதை 2009-இல் கொஞ்சம் வேறு மாதிரி. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தாளைப் பார்க்காமல் சொல்ல முயன்று ஒரு சொல்லை இடம் மாற்றிப் போட்டார். சட்டம் படித்து, சட்டம் கற்பித்த ஒபாமா தவறைக் கவனித்து நிறுத்தினார். அப்புறம் இருவருமாகச் சேர்ந்து அதைக் குழப்பினார்கள். அதே ராபர்ட்ஸின் நியமனத்துக்கு எதிராக நான்கு வருடத்துக்கு முன் வாக்களித்த செனட்டர்களில் ஒபாமாவும் ஒருவர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தால் இன்னும் ருசி. எதற்கு வம்பு என்று மறுநாள் மாலை வெள்ளை மாளிகையின் ஓர் அறையில் மறுபடியும் எடுத்தார். இம்முறை பைபிள் இல்லை, டிவி கேமராவும் இல்லை. முதலாவதைக் கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள், இரண்டாவதை அறையில் இருந்த ஒருசிலர்தான்.

கோடி என்றதும் நீல்சன் கணக்கு ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் டிவியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அந்த நிறுவனம் ஒவ்வொரு முறையும் சொல்லும். உச்சம் 1981, ரீகன்: 4 கோடி 18 லட்சம். அன்று இரட்டைச் செய்தி. ஈரானில் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்த 52 அமெரிக்கர்கள், ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில் விடுவிக்கப்பட்டார்கள். போதாததற்கு, மூன்றே பெரிய சேனல்கள் இருந்த காலம், வேறு எதைப் பார்ப்பது? அதற்கு அடுத்தது 2009, ஒபாமா: 3 கோடி 78 லட்சம். அதே ஒபாமா 2013-இல் இரண்டாவது முறை ஏற்றபோது 2 கோடி 6 லட்சம். இளைய புஷ்ஷின் இரண்டாவது முறை இன்னும் பரிதாபம், 1 கோடி 55 லட்சம். டிரம்ப்புக்கு 2017-இல் 3 கோடி 6 லட்சம், 2025-இல் 2 கோடி 46 லட்சம். நிக்சன் ஒருவருக்குத்தான் தலைகீழ். இரண்டாவது முறை அதிகம் பேர் பார்த்தார்கள், அப்புறம் ஒன்றரை வருடத்தில் பதவி விலகி வீட்டுக்குப் போனார்.

இணையத்தில் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கில் முழுதாக வருவதில்லை என்பதால் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுச் சண்டை போட அர்த்தமில்லை. (2017-இல் கூட்டத்தின் அளவை வைத்தே வாரக்கணக்கில் சண்டை நடந்தது வேறு கதை.) ஆனால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. ஆள் புதிது என்றால் மக்கள் பார்க்கிறார்கள். அதே ஆள் மறுபடியும் என்றால் பெரும்பாலும் ஆர்வம் குறைந்துவிடுகிறது. எனக்கு இது கொஞ்சம் விசித்திரம். முதல் முறை ஏற்கும்போது அவரிடம் இருப்பது வாக்குறுதி மட்டுமே. இரண்டாவது முறை அதே சத்தியத்தைச் செய்யும்போதுதான், போன தடவை செய்த சத்தியம் என்ன ஆயிற்று என்று முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள முடியும்.

டிவியில் பார்ப்பவர்களை விடுங்கள், நேரில் போகிறவர்களின் பாடு தனி. 2009-இல் கையில் ஊதா நிற டிக்கெட்டோடு போன ஆயிரக்கணக்கானவர்கள் வாஷிங்டனின் மூன்றாவது தெருச் சுரங்கப்பாதையில் மணிக்கணக்காக மாட்டிக்கொண்டார்கள். கேபிடலுக்கு எதிரே நேஷனல் மால் என்ற திறந்தவெளித் திடலில் லட்சக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்க, டிக்கெட் வாங்கி வந்த இவர்கள் பூமிக்கடியில் நின்றார்கள். 2025-இல் குளிர் கடுமை என்று விழாவை நாடாளுமன்றமான கேபிடல் கட்டடத்தின் குவிமாட மண்டபத்துக்குள் மாற்றிவிட்டார்கள். வெளியில் நடப்பதாக நம்பி 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல் டிக்கெட் கொடுத்திருந்தார்கள். மண்டபத்தில் இடம் 600 பேருக்கு. பயணச்சீட்டும் ஓட்டல் அறையும் போட்டு வந்த பலர் ஏதோ ஒரு திரையில்தான் பார்த்தார்கள், வீட்டில் சோபாவில் படுத்தபடியே பார்த்திருக்கலாம். 1985-இல் ரீகனுக்கும் இதேதான். குளிரால் விழா உள்ளே போனது, அணிவகுப்பு ரத்து, நாடெங்கிலும் இருந்து வாத்தியங்களோடு வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏமாற்றம்.

சரி, நான் எதைப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். ஜெயித்தவரை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோற்றவரை.

உலகத்தில் பல நாடுகளில் தோற்றவர் அன்று தன் வீட்டில் இருப்பார், அல்லது சிறையில் இருப்பார், அல்லது விமானத்தில் இருப்பார். இங்கே பல முறை அவரும் மேடையில் உட்கார்ந்திருக்கிறார். 1961-இல் கென்னடியிடம் நூலிழையில் தோற்ற நிக்சன், துணை அதிபர் என்ற முறையில் அங்கே இருந்தார். 2001-இல் ஃபுளோரிடா வாக்கு எண்ணிக்கை உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்த பிறகு, அல் கோர் அதே மாதிரி உட்கார்ந்து புஷ் உறுதிமொழி எடுப்பதைப் பார்த்தார். 2017-இல் ஹில்லரி கிளின்டன் முன்னாள் அதிபரின் மனைவியாக வந்தார். 2025-இல் கமலா ஹாரிஸ். ஜனவரி 6 அன்று, துணை அதிபராக, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் தலைமை தாங்கித் தன் தோல்வியைத் தானே அறிவித்துவிட்டு, இரண்டு வாரத்தில் இந்த விழாவிலும் வந்து அமர்ந்தார். கேமரா அவர்கள் பக்கம் சில நொடிகள்தான் திரும்பும். அந்தச் சில நொடிகளில் எத்தனை நாகரிகம், எத்தனை கசப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை கைதட்டல்! எந்த நடிகராலும் அதைச் செய்ய முடியாது.

பதவிக்காலம் முடிந்த அதிபர்களில், அடுத்தவரின் விழாவுக்கு வராமல் போனவர்களும் உண்டு. 1801-இல் ஜான் ஆடம்ஸ் ஜெஃபர்சனுக்காகக் காத்திராமல் விடியும் முன்பே ஊரை விட்டுக் கிளம்பினார். 1829-இல் அவர் மகன் குவின்சி ஆடம்ஸும் அப்பா வழியிலேயே போனார், அது குடும்ப வழக்கம் போலிருக்கிறது. 1869-இல் ஆண்ட்ரூ ஜான்சன். அப்புறம் 152 வருடம் கழித்து 2021-இல் டிரம்ப். அந்த வருடம் நேஷனல் மாலில் மக்களுக்குப் பதிலாகச் சுமார் 2 லட்சம் கொடிகளை நட்டு வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் கோவிட், மறு பக்கம் இரண்டு வாரத்துக்கு முன் கேபிடலில் நடந்த கலவரம். நகரத்தில் 25,000 தேசியக் காவல் படையினர். பார்க்கப் பொதுமக்களை அழைக்காத விழாவை நான் அதிக நேரம் பார்த்தேன். என்ன நடக்குமோ என்கிற பயம் ஆளை டிவியை விட்டு நகர விடவில்லை.

அந்த விழாவை நம் பக்கத்தில் பார்த்ததற்கு வேறு காரணம். அன்று துணை அதிபரான கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீகமான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டு, வெடி வெடித்து, இனிப்பு கொடுத்தார்கள். இந்திய நேரம் இரவு பத்தைத் தாண்டியிருந்தது. என் அம்மா ஊரிலிருந்து போன் செய்து, "என்னப்பா, உங்க ஊர்ல இன்னிக்குப் பட்டாபிஷேகமாமே, நீ பாக்கலையா?" என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "அந்தப் பொண்ணு நல்லா நிமிர்ந்து நிக்குது" என்றார். அம்மாவின் அரசியல் விமரிசனம் அதோடு முடிந்தது. துணை அதிபர் முதலில் பதவியேற்பார், அதிபர் பிறகுதான். அம்மா முதல் பகுதியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பைடன் யார் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை.

இங்கே விசாவில் இருக்கிறவர்கள் கதை வேறு. ஓட்டு இல்லாத இவர்கள்தான், என் அனுபவத்தில், ஓட்டுப் போட்டவர்களைவிடக் கூர்ந்து பார்க்கிறார்கள். உறுதிமொழியை இல்லை, அதற்குப் பிறகு நடப்பதை. முன்பெல்லாம் மதியம் என்றால் அணிவகுப்பு. இப்போது மதியம் என்றால் கையெழுத்து. பைடன் முதல் நாளே 17 உத்தரவுகளில் கையெழுத்துப் போட்டார். டிரம்ப் 2025-இல் ஒரு உள்விளையாட்டு அரங்கின் நடுவே மேசை போட்டு, ஆயிரக்கணக்கானவர் ஆரவாரிக்கக் கையெழுத்துப் போட்டு, பேனாக்களைக் கூட்டத்துக்குள் வீசினார். மிச்சத்தை வெள்ளை மாளிகையில் போட்டார். அந்த மிச்சத்தில் ஒன்று பிறப்புரிமைக் குடியுரிமை பற்றியது. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாவிட்டால், 30 நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது அந்த உத்தரவு. மூன்றே நாளில் சியாட்டிலில் ஒரு மத்திய நீதிபதி அதைத் தடுத்து நிறுத்தினார். ஆனால் அந்த முதல் இரவு வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் "யாரு பாக்குறா இதெல்லாம்" என்று அலுத்துக்கொண்ட தம்பி ஒருவர், மனைவி எட்டு மாதம், நள்ளிரவில் உத்தரவின் முழு வாசகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். "அண்ணா, இந்த பிப்ரவரி 19-ங்கிறது பிறக்கிற தேதிதானே, அப்ளை பண்ற தேதி இல்லையே?" பதவியேற்பை விழா என்று நினைத்தால் தவிர்க்கலாம். அவருக்கு அது முதல் வேலை நாள்.

உரையை மட்டும் நான் நேரலையில் கேட்பதில்லை, யாருக்கும் சிபாரிசும் செய்ய மாட்டேன். மறுநாள் அச்சில் படித்தால் கால்வாசி நேரம்தான் ஆகும், கைதட்டல் இடைஞ்சலும் இல்லை. 1793-இல் ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டாம் முறை பேசியது 135 சொற்கள். லிங்கனின் 1865 உரை 700 சொற்களைத் தொட்டு நிற்கிறது. அதை இன்றும் படிக்கிறார்கள். 1841-இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் மேல்கோட்டும் தொப்பியும் இல்லாமல் குளிரில் நின்றுகொண்டு 8,445 சொற்கள் பேசினார், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரே மாதத்தில் இறந்துபோனார். குளிர்தான் கொன்றது என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை மாளிகைக்கு வந்த குடிநீரில் கழிவு கலந்ததே காரணமாக இருக்கலாம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். எதுவாக இருந்தாலும், அன்று முழுதாக நின்று கேட்டவர்களுக்குத்தான் என் அனுதாபம்.

பார்க்கவே மாட்டேன் என்று உறுதியாக இருப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அழைப்பு இருந்தும் போகாதவர்கள் உண்டு. 2017-இல் காங்கிரஸ் உறுப்பினர்கள் பல பத்துப் பேர் போகவில்லை, 2025-இல் மிஷெல் ஒபாமா போகவில்லை. அவர்கள் நேரமில்லை என்று சாக்குச் சொல்லவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற என் நண்பர் ஒருவர், "டாக்டர் உப்பையும் இதையும் குறைக்கச் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டு அன்று நடைப்பயிற்சிக்குப் போவார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. எரிச்சலூட்டுவது மீட்டிங் கதைதான்.

அடுத்தது 2029 ஜனவரி 20. நாட்காட்டியில் பார்த்துவிட்டேன், சனிக்கிழமை. அன்று காலை ஒன்பது மணிக்கு யாருக்கும் மீட்டிங் இருக்காது. நம் ஆட்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று இப்போதே ஆவலாக இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு என்பார்கள் என்று நினைக்கிறேன்.